கூடப்பிறந்த குரல்கள்: லூவின் சகோதரர்களும் ஒரு பழைய கேள்வியும்

ஒரே வயிற்றில் பிறந்த இருவர் சேர்ந்து பாடும்போது அவர்களின் குரல்கள் மற்றவர்களுடையதைவிட நெருங்கி இழைகின்றனவா? இழைகின்றன என்றால் அதற்குக் காரணம் பிறப்பா, வளர்ப்பா, அண்ணன் தம்பி என்று தெரிந்தபின் கேட்கும் நம் காதா? அமெரிக்காவின் கன்ட்ரி இசையுலகம் இந்தக் கேள்வியை 1930-களிலிருந்தே பல விதமாகக் கேட்டு வந்திருக்கிறது. டெல்மோர், மன்றோ, போலிக், ஸ்டான்லி, லூவின், எவர்லி என்று சகோதர ஜோடிகள் அடுத்தடுத்துத் தோன்றிய இசை அது. அந்த இழைவுக்கு 'ரத்த இசைவு' என்று பொருள்படும் ஒரு பெயரும் அங்கே நிலைத்துவிட்டது.

இந்த விவாதத்தில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் சான்றுக்காகத் தேடிப்போவது லூவின் சகோதரர்களையே. அவர்கள் வளர்ந்த ஊரின் பாட்டு மரபு நன்கு ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒலிப்பதிவுகள் ஏராளம். இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் வுல்ஃப் அவர்களைப் பற்றி 1996-ல் தனி நூல் எழுதினார். தம்பி சார்லியின் தன்வரலாறு 2012-ல் வெளிவந்தது. கேள்வியின் எல்லா விடைகளையும் ஒரே இடத்தில் வைத்து உரசிப் பார்க்க இவர்களைவிடப் பொருத்தமான ஜோடி இல்லை.

ஐரா 1924-லும் சார்லி 1927-லும் அலபாமா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் பிறந்தவர்கள். குடும்பப் பெயர் லௌடர்மில்க். சாண்ட் மவுண்டன் என்ற மேட்டு நிலத்தில், ஹெனகர் என்ற சிற்றூரில், பருத்தி விளைவித்த சிறு விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தார்கள். மேடைக்காகப் பெயரை லூவின் என்று சுருக்கிக்கொண்டார்கள். ஐரா மேண்டலின் வாசித்து மேல்குரல் பாடினார். சார்லி கிதார் வாசித்து மெட்டைப் பாடினார். சட்டனூகா, நாக்ஸ்வில், மெம்ஃபிஸ் வானொலி நிலையங்களில் பல ஆண்டு அலைச்சல். இடையில் மெம்ஃபிஸில் தபால் நிலைய வேலை. கொரியப் போர்க்காலத்தில் சார்லிக்கு ராணுவ அழைப்பு. 1952-ல் கேப்பிடல் நிறுவனத்தில் சேர்ந்து பக்திப் பாடல்களால் பெயர் பெற்றார்கள். 1955-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடை கிடைத்தது. அதே ஆண்டு 'வென் ஐ ஸ்டாப் ட்ரீமிங்' அவர்களைக் காதல் பாட்டுக்கும் உரியவர்களாக்கியது. 1956-ல் ஒரு பாடல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் தொட்டது. 1963-ல் பிரிந்தார்கள். 1965 ஜூனில் மிசௌரியில் நடந்த கார் விபத்தில் ஐரா இறந்தார். சார்லி 2011 வரை வாழ்ந்தார்.

ரத்தம் என்ற விடை

மிகப் பழைய விடையும் மிகப் பிரபலமான விடையும் இதுதான்: ஒரே உடற்கூறு, அதனால் ஒத்த தொண்டை, அதனால் ஒத்த குரல். பாடகர்களே இதை நம்புகிறார்கள் என்பதால் லேசாக ஒதுக்கிவிட முடியாது. பாட்டின் நடுவே யார் மெட்டைப் பாடுவது, யார் இணைக்குரல் பாடுவது என்பதைக் கண்சாடைகூட இல்லாமல் மாற்றிக்கொள்ள முடிந்தது என்று சார்லி பிற்காலத்தில் சொல்லிவந்தார். மெட்டு அவருக்கு எட்டாத உயரத்துக்கு ஏறும்போது அதை ஐரா எடுத்துக்கொள்வார். சார்லி கீழே இறங்கி இணைக்குரல் ஆகிவிடுவார். முதல் முறை கேட்பவருக்கு மாறிய இடம் தெரியாது. இதைக் கேட்டவர்கள் ரத்தம் என்று சொன்னதில் வியப்பில்லை.

உடலியல் இதற்கு ஓரளவு ஆதரவு தருகிறது. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரின் பேச்சுக் குரல் சுருதியில் நெருங்கியிருப்பது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. குரல்வளையின் அளவும் வாயறையின் வடிவமும் மரபுவழி வருபவை என்பதிலும் ஐயமில்லை. ஆனால் லூவின்கள் இரட்டையர் அல்லர். மூன்று வயது இடைவெளி உள்ள அண்ணன் தம்பி. இன்னும் முக்கியமானது, அவர்களின் குரல்கள் ஒன்றுபோல் இல்லை. ஐராவின் குரல் மெலிந்து, கூர்ந்து, உச்சியில் அழுகைக்கு அருகில் நிற்பது. சார்லியின் குரல் தாழ்ந்தது, மண் ஒட்டியது. பிரிவுக்குப் பின் இருவரும் தனித்தனியே பதிந்த பாடல்களைக் கேட்டால் இந்த வேற்றுமை பளிச்சென்று தெரிகிறது. ஒத்த குரல்கள் என்பதே விளக்கம் என்றால், ஒத்திராத இக்குரல்கள் ஏன் இழைந்தன என்பதை அது விளக்கவில்லை.

வரலாற்றிலும் இந்த விடைக்கு ஓர் இடர் இருக்கிறது. மேண்டலின், கிதார், இரு குரல் என்ற இந்த வடிவத்தை 1926 முதல் இசைத்தட்டில் பரப்பிய முன்னோடிகளான மேக், பாப் இருவரும் சகோதரர்கள் அல்லர். கென்டக்கியில் பார்வையற்றோர் பள்ளியில் சந்தித்துக்கொண்ட லெஸ்டர் மெக்ஃபார்லண்டும் ராபர்ட் கார்ட்னரும் அவர்கள். பின்னால் வந்த சகோதர ஜோடிகள் பலர் நடந்த பாதை, ரத்த உறவில்லாத இருவர் போட்டது.

மலைமேல் பாட்டு

இரண்டாவது விடை வளர்ப்பைச் சுட்டுகிறது. 1933-ல் ஜார்ஜ் புல்லன் ஜாக்சன் தென் மாநில மலைப்பகுதிகளின் வெள்ளையர் பக்திப் பாடல்களைப் பற்றி எழுதிய நூல், அதுவரை படித்தவர்கள் பொருட்படுத்தாதிருந்த ஒரு பாட்டு மரபை அறிஞர் உலகத்தின் முன் வைத்தது. அதன் மையத்தில் இருந்தது 1844-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த வொயிட், கிங் இருவரும் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' பாட்டுப் புத்தகம். அதில் ஸ்வரங்கள் முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்ற நான்கு வடிவங்களில் அச்சிடப்பட்டிருக்கும். இசை படிக்கத் தெரியாத விவசாயியும் வடிவத்தைப் பார்த்தே பாடிவிடலாம். பாடுவோர் நான்கு பக்கமும் நடுவைப் பார்த்து அமர்வார்கள். முதலில் ஸ்வரப் பெயர்களைப் பாடி, பிறகு சொற்களுக்கு வருவார்கள். கேட்பதற்கென்று யாரும் வருவதில்லை. வந்தவர் எல்லாரும் பாடுவார்கள்.

லூவின்களின் தாய் வழி உறவினரான வூட்டன் குடும்பத்தினர் இந்த மரபில் ஊறியவர்கள். அவர்கள் வாழ்ந்த டிகால்ப் மாவட்டத்தின் ஃபைஃப் என்ற ஊரில்தான் ஆலன் லோமாக்ஸ் 1959-ல் சேக்ரட் ஹார்ப் மாநாட்டைப் பதிவு செய்தார். அந்தப் பதிவையும் லூவின்களையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு உறவு உடனே புலப்படும். அதிர்வில்லாத, நெஞ்சைத் திறந்து பாடும் குரல். மெட்டு மேலே மிதக்காமல் நடுவில் கிடக்க, அதன் தலைக்கு மேல் இன்னொரு குரல் தன் போக்கில் தனி மெட்டுப்போல் ஓடுவது. குரல்கள் ஒன்றையொன்று குறுக்கே கடப்பது. ஐராவும் சார்லியும் மெட்டைக் கைமாற்றிக்கொண்ட விதம் இந்தக் கடத்தலின் பிள்ளை என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறவி ரகசியமாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அந்த மாவட்டமே பழகிய ஒரு பயிற்சி இருந்தது.

எனினும் இந்த விடையை அதன் ஆதரவாளர்கள் சற்று அதிகமாக நீட்டிவிடுகிறார்கள். சேக்ரட் ஹார்ப் நாலு பங்குப் பாட்டு. அதன் இணைவுகளில் ஸ–ப போன்ற வெற்றிடம் விட்ட இடைவெளிகளே ஓங்கி ஒலிக்கும். லூவின்களின் பாட்டு ஸ–க போன்ற நெருங்கிய இடைவெளிகளில் வாழ்வது. இந்த நெருக்கம் வந்த வழி வேறு. ஏழு வடிவங்களில் அச்சான புதுவகை நற்செய்திப் பாட்டுப் புத்தகங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னசியிலிருந்து பரவின. ஜேம்ஸ் வான் போன்ற பதிப்பாளர்கள் புத்தகம் விற்பதற்காகவே நால்வர் குழுக்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அதற்கப்புறம் வானொலியில் வந்த மூத்த சகோதர ஜோடிகள் இருந்தார்கள். அலபாமாவின் எல்க்மான்ட்டைச் சேர்ந்த டெல்மோர் சகோதரர்களை லூவின்கள் எவ்வளவு போற்றினார்கள் என்பதற்கு 1960-ல் அவர்களுக்காகவே ஒரு முழு இசைத்தட்டு பதிந்ததே சாட்சி. ஆகவே தாயின் மடியில் கற்றதோடு இசைத்தட்டிலும் வானொலியிலும் கேட்டுக் கற்றதும் சேர்ந்தது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த மேட்டு நிலத்தில் ஆயிரக்கணக்கானோர் இதே பாட்டைப் பாடி வளர்ந்தார்கள். லூவின்கள் ஒரு ஜோடிதான்.

மைக்கும் முப்பத்தைந்து சென்ட் தட்டும்

மூன்றாவது விடை கருவிகளையும் காசையும் பார்க்கிறது. 1925-ல் மின்முறை ஒலிப்பதிவு வரும்வரை பாடகர் ஒரு தகரக் குழலுக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்தபின் மெல்லப் பாடலாம். இருவர் தலையோடு தலை சேர்த்து நிற்கலாம். டெல்மோர்கள் 1930-களில் பாடிய அந்தக் கிசுகிசுப்பு மைக் இல்லாமல் பிறந்திருக்காது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவைவிட இருவருக்குச் சம்பளம் குறைவு, காரில் இடமும் குறைவு. விக்டர் நிறுவனத்தின் மலிவு விலைப் பிரிவான புளூபேர்ட் 35 சென்ட்டுக்குத் தட்டு விற்றது. மன்றோ சகோதரர்களும் போலிக் சகோதரர்களும் 1936-ல் அதற்குத்தான் பாடத் தொடங்கினார்கள். வட கரோலினாவின் போலிக் சகோதரர்கள் தங்களை 'புளூ ஸ்கை பாய்ஸ்' என்று அழைத்துக்கொண்டதற்குக் காரணம், 'பிரதர்ஸ்' என்ற பெயரில் அப்போதே கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதுதான். சகோதரத்துவம் ஒரு விற்பனை முத்திரையாகிவிட்டிருந்தது.

இந்த விடை ஏன் சகோதரர்கள் என்பதை நன்றாகவே விளக்குகிறது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் பயிற்சிக்காகச் சந்திக்க வேண்டியதில்லை, கூலியைப் பங்கிடுவதில் ஒப்பந்தம் தேவையில்லை, விடியற்காலை நிகழ்ச்சிக்கு ஒருவரை ஒருவர் எழுப்பிவிடலாம். சந்தை இவர்களைத் தேடியது. தேடியபின் ரத்தத்தின் பெருமையை விளம்பரப்படுத்தியது.

ஒற்றை மைக் பாட்டையும் வடிவமைத்தது. லூவின்கள் ஒரே மைக்கின் இரு பக்கம் நின்றவர்கள். எந்தச் சொல்லில் நெருங்குவது, எதில் விலகுவது என்ற உடலசைவே அவர்களின் ஒலிக்கலவைப் பொறி. ஐரா இறந்து நாற்பது ஆண்டுக்குப் பிறகும், இணைக்குரல் வர வேண்டிய இடத்தில் தாம் தம்மையறியாமல் மைக்கிலிருந்து ஒதுங்கி இடம் விடுவதாகச் சார்லி ஒரு பேட்டியில் சொன்னார். இதைத் துயரத்தின் அடையாளமாக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: பாட்டு அந்த மனிதரின் கால்களுக்குள்ளேயே இறங்கியிருந்தது. பயிற்சி என்று நாம் சொல்வது இவ்வளவு ஆழம் போகக் கூடியது.

இந்த விடையின் பலவீனம், ஒலியின் உள்ளே அது நுழைவதில்லை என்பது. மைக் எல்லாருக்கும் பொது. மலிவுத் தட்டில் பாடிய எத்தனையோ ஜோடிகளை இன்று யாரும் நினைப்பதில்லை.

ஒலியியலின் பக்கம்

இரு குரல்கள் இழையும்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்பதுபோல் இருக்கிறது என்று இந்த இசையின் ரசிகர்கள் சொல்வதுண்டு. இது கற்பனை இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் வயலின் கலைஞர் தார்த்தீனி இதைக் கவனித்தார். 1863-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக ஆராய்ந்தார். ஒருவர் நொடிக்கு 400 அதிர்விலும் மற்றவர் 500 அதிர்விலும் பாடினால், வேறுபாடான 100 அதிர்வு ஒரு மெல்லிய அடிக்குரலாகக் காதில் தோன்றக் கூடும். 400-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள அதே ஸ்வரம் அது. ஆகவே இணைவு அடித்தளம் பெற்று நிற்கும். ஆனால் கிதாரும் மேண்டலினும் பின்பற்றும் சமப் பங்கீட்டில் அந்த மேல் ஸ்வரம் ஏறத்தாழ 504. வேறுபாடு 104 ஆகிவிடும். அடிக்குரல் சுருதி பிசகும். மேல் அடுக்குகளில் நொடிக்கு 16 முறை உரசல் நடுக்கமும் எழும். நல்ல ஜோடி தன் கருவிகளின் கட்டையை விட்டுவிட்டு, ஒருவர் குரலுக்கு மற்றவர் குரலைச் சேர்த்துக்கொள்கிறது என்பதே இதன் பொருள். இது காதின் திறன். ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வருவது.

உயிரெழுத்துக்கு இதே அளவு பங்கு உண்டு. ஒவ்வோர் உயிரொலியும் வாயறையில் சில அதிர்வுகளை உரப்பிக் காட்டுகிறது. இருவரின் உயிரொலி ஒன்றாக இருந்தால் அவ்வதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அமெரிக்கத் தென் மாநிலப் பேச்சில் 'ஐ' என்ற ஒலி தட்டையாகி 'ஆ' பக்கம் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது, எந்த நொடியில் சாய்கிறது என்பது ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு மாறும். ஐராவும் சார்லியும் நீட்டும் ஒரு சொல்லில் அந்தச் சாய்வு இருவருக்கும் ஒரே கணத்தில் நிகழ்கிறது. குரலின் நிறம் வேறாக இருந்தும் அவர்கள் இழைவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் மதிப்பீடு. இது வளர்ந்த வீட்டின் கொடை. வேறு வேறு வீடுகளில் வளர்க்கப்பட்ட கூடப்பிறந்தவர்களிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஒரே வீட்டில் வளர்ந்த வளர்ப்புப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாம்.

பிரிவிலிருந்து ஒரு சான்று

ரத்த விடையை நம்புவோர் அதன் மறுபக்கத்தையும் சொல்வார்கள்: இணைத்த ரத்தமே பிரிக்கவும் செய்தது என்று. மன்றோக்கள் 1938-ல் பிரிந்தார்கள், போலிக்குகள் 1951-ல், லூவின்கள் 1963-ல், எவர்லிகள் 1973-ல் மேடையிலேயே. பட்டியல் ஈர்ப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டான்லி சகோதரர்கள் 1966-ல் கார்ட்டர் இறக்கும் வரையும், டெல்மோர்கள் 1952-ல் ரேபன் இறக்கும் வரையும் சேர்ந்தே இருந்தார்கள். சண்டையிட்டவர்களின் கதை நினைவில் நிற்கிறது என்பதற்கு மேல் இந்த விதிக்கு ஆதாரம் போதாது.

லூவின்களின் பிரிவுக்குக் கண்முன்னே காரணங்கள் இருக்கின்றன. ஐராவின் குடி, மேண்டலினை உடைக்கும் அளவுக்கு வந்த கோபம், வன்முறையில் முடிந்த மணவாழ்க்கை. தந்தையிடம் ஐரா பட்ட அடிகளைச் சார்லி தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். போதகராக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் வாழ்ந்த வாழ்வுக்கும் இடையே ஐரா கிழிபட்டதையும் எழுதியிருக்கிறார். 1959-ல் வந்த 'சேட்டன் இஸ் ரியல்' தட்டின் அட்டையில் நெருப்புக்கு நடுவே நிற்கும் பன்னிரண்டடி ஒட்டுப்பலகைச் சாத்தானைச் செய்தவர் ஐராவேதான். ராக் இசை சந்தையைக் கவர்ந்த நேரத்தில், விற்பனைச் சரிவுக்கு மேண்டலின் ஒலியே காரணம் என்று தயாரிப்பாளர் கென் நெல்சன் கருத்துச் சொன்னதாகவும், அது ஐராவை நொறுக்கிவிட்டதாகவும் சார்லி நினைவுகூர்கிறார். இவை தம்பியின் தரப்பு மட்டுமே. அண்ணன் 41 வயதில் இறந்துவிட்டதால் மறுதரப்பு நமக்குக் கிடைக்காது. சார்லியின் நூலைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரிவுகளும் மரணங்களும் ஆய்வுக்கு ஒன்றைத் தந்திருக்கின்றன: ஒரு குரலை மாற்றி வைத்துப் பார்க்கும் வாய்ப்பு. கார்ட்டர் ஸ்டான்லி இறந்தபின் தம்பி ரால்ஃப் முதலில் லேரி ஸ்பார்க்ஸையும், பிறகு ராய் லீ சென்டர்ஸையும் சேர்த்துக்கொண்டார். சென்டர்ஸின் குரல் கார்ட்டருடையதை நினைவூட்டியதாகக் கேட்டவர்கள் பலரும் குறித்திருக்கிறார்கள். அவர் உறவினர் அல்லர். அந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தவர். எமிலு ஹாரிஸ் 1975-ல் ஹெர்ப் பெடர்சனின் இணைக்குரலோடு பாடிய லூவின் பாடல் 'இஃப் ஐ குட் ஒன்லி வின் யுவர் லவ்' பெரும் வெற்றி பெற்றது. எவர்லிகளைக் கேட்டு லிவர்பூலில் இணைக்குரல் பழகிய லெனனும் மெக்கார்ட்னியும் அண்ணன் தம்பி அல்லர்.

மதிப்பீடு

இவற்றை எல்லாம் நிறுத்துப் பார்த்தால், ரத்தம் என்ற விடைதான் மிகக் குறைவாக விளக்குகிறது. அது சுட்டும் ஒற்றுமைகள் பெரும்பாலானவை ஒரே வீட்டில், ஒரே பேச்சில், ஒரே பாட்டுக் கூட்டத்தில் வளர்ந்ததால் வந்தவை. பயிற்சி என்ற விடை எப்படி என்பதற்கும், மைக்கும் சந்தையும் ஏன் அப்போது, ஏன் இருவர் என்பதற்கும் பதில் சொல்கின்றன. ஆயினும் ரத்தத்தை அடியோடு தள்ளிவிட இன்னும் போதிய காரணம் இல்லை. கூடப்பிறந்தவர்களுக்குப் பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்தே வருவதால், பதிவுகளை மட்டும் கேட்டு ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. ஒரே ஊரில் ஒரே பயிற்சி பெற்ற சகோதர ஜோடிகளையும் பிற ஜோடிகளையும், யார் யார் என்று சொல்லாமல், நல்ல காதுள்ளவர்களைக் கேட்கச் செய்ய வேண்டும். உயிரொலிகளையும் சுருதியையும் அளந்து ஒப்பிட வேண்டும். சாண்ட் மவுண்டனில் சேக்ரட் ஹார்ப் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன என்பதால் அங்கே இது செய்யக் கூடிய வேலையே.

மெட்டைக் கைமாற்றும் அந்தக் கணத்தில் சாடையின்றி இருவரும் ஒன்றையே எண்ணியது எப்படி என்பதும் திறந்த கேள்விதான். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பாடிய எந்த இருவருக்கும் அது கைகூடுமா, ஒரே வீட்டில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு மட்டும்தானா? இந்த வினாவைத் தொடர விரும்புபவர் மேக், பாப் இருவரின் பழைய தட்டு ஒன்றையும், லூவின்களின் 'வென் ஐ ஸ்டாப் ட்ரீமிங்'கையும், ரால்ஃப் ஸ்டான்லி சென்டர்ஸோடு பதிந்த பாடல் ஒன்றையும் அதே வரிசையில், யார் யாருக்கு உறவு என்பதை மறந்துவிட்டுக் கேட்க வேண்டும்.